ராஜா ஜோடியும் நாலும்: தமிழகத்தில் சீட்டு, பணம், சட்டம்

தமிழகத்தில் பணம் வைத்துச் சீட்டாடுவது குற்றமா என்ற கேள்விக்குக் கடந்த நூற்றுமுப்பது ஆண்டுகளில் சட்டமன்றமும் நீதிமன்றமும் மாறிமாறி விடை சொல்லி வந்துள்ளன. அவ்விடைகளெல்லாம் இரு அளவுகோல்களில் ஒன்றைக் கையிலெடுத்தவை. ஆடுமிடத்தை நடத்துகிறவருக்கு அதில் ஆதாயம் உண்டா என்பது முதல் அளவுகோல். ஆட்டத்தின் முடிவைத் தீர்மானிப்பது ஆடுகிறவரின் திறமையா, சீட்டு விழும் அதிர்ஷ்டமா என்பது இரண்டாவது. முதலாவது பழையது, எளியது. ஆனாலும் காலப்போக்கில் இரண்டாவதே வழக்குகளின் மையமாகி, ரம்மியில் தொடங்கிப் போக்கரில் வந்து முட்டிக்கொண்டது. அது ஏன் முட்டிக்கொண்டது என்பதை லிமிட் ஹோல்டம் என்ற போக்கர் வகையில் அடிக்கடி வரும் ஒரு கையைப் பிரித்துப் பார்த்தாலே விளங்கிவிடும் என்பதால், இவ்வரலாற்றின் நடுவே அந்தக் கையும் விரிவாகப் பேசப்படுகிறது.

பணயம் வைத்து ஆடும் வழக்கம் இம்மண்ணுக்குப் புதிதன்று. சங்க இலக்கியத்தில் கவறு என்பது உருட்டும் காயையும், வல் என்பது கட்டம் வரைந்த பலகையாட்டத்தையும் குறிக்கும். புறநானூற்றின் 52ஆம் பாட்டு போரில் பாழான ஊர்ப் பொதியிலைக் காட்டும்போது, நரைத்த முதியவர்கள் காய் வைத்து வைத்துத் தரையில் விழுந்துபோன குழிகளில் காட்டுக்கோழி முட்டையிடுவதாகச் சொல்கிறது. ஆட்டம் ஊர்ப் பொதுவிடத்தில், முதியவர்களிடையே, மறைவின்றி நடந்தது என்பதற்கு இதைவிடத் துல்லியமான சான்று வேண்டியதில்லை. கீழடி அகழாய்வில் கிடைத்த பகடைக் காய்களும் அதே வழக்கத்தின் எச்சங்களே. திருக்குறளோ பொருட்பாலில் கள்ளுண்ணாமைக்கும் மருந்துக்கும் இடையே சூது என்ற 94ஆம் அதிகாரத்தை வைத்து, சூதாடியின் பொருளும் புகழும் எப்படிக் கரைகின்றன என்பதைக் கணக்குப் பார்க்கிறது. நளன் கதையும் பாண்டவர் கதையும் தமிழில் மீண்டும் மீண்டும் பாடப்பட்டதற்கு, நாடாண்டவனே காயுருட்டி நாடிழந்தான் என்ற அதிர்ச்சியும் ஒரு காரணம். ஆயினும் இவ்வறிவுரைகள் எல்லாம் ஆடுகிறவனை நோக்கியவை. ஆட்டத்தை வகை பிரித்து இது தகும், அது தகாது என்று சொல்லும் வேலையை அவை மேற்கொள்ளவில்லை.

ஐம்பத்திரண்டு சீட்டுக் கட்டு ஐரோப்பியர் வருகையோடு வந்து, இஸ்பேட், ஆட்டின், டைமன், கிளாவர் என்ற பெயர்களோடு திண்ணைகளில் குடியேறியது. யாழ்ப்பாணத்தில் முந்நூற்றுநான்கு, தமிழகத்தில் ரம்மி, மூன்று சீட்டு, மங்காத்தா என ஆட்டங்கள் பெருகின. இவற்றுள் மங்காத்தா தனித்துக் குறிப்பிடத்தக்கது. ஒருவர் ஒரு சீட்டின் பெயரைச் சொல்லிப் பணம் கட்ட, கட்டைப் பிடித்தவர் உள்ளே, வெளியே என்று மாற்றி மாற்றிச் சீட்டு போட, சொன்ன சீட்டு எந்தப் பக்கம் விழுகிறதோ அந்தப் பக்கத்துக்குப் பணம் போகும். இதில் யோசிக்க எதுவுமே இல்லை. மூன்று சீட்டில் யோசிக்கக் கொஞ்சம் உண்டு. ரம்மியில் நிறைய உண்டு. சட்டம் பிற்காலத்தில் போட்ட கோடு இந்த மூன்றுக்கும் இடையில்தான் எங்கோ ஓடுகிறது.

சென்னை நகரில் சூதாட்டத்தை முறைப்படுத்தியது 1888ஆம் ஆண்டின் நகரக் காவல் சட்டம். அது நகர எல்லைக்குள் மட்டுமே செல்லும். மாகாணத்தின் மற்றப் பகுதிகளுக்கென 1930இல் சென்னைச் சூதாட்டச் சட்டம் வந்தது. பிற்காலத்தில் தமிழ்நாடு சூதாட்டச் சட்டம் என்று பெயர் மாறி வழங்கும் அதுவே இன்றும் கிளப்புகளையும் தோப்புகளையும் ஆளும் சட்டம். அதன் மூலைக்கல் ‘பொதுச் சூதாட்ட விடுதி’ என்ற வரையறை. ஓரிடத்தில் சீட்டோ காயோ வைத்து, அவ்விடத்தின் உரிமையாளரோ நடத்துகிறவரோ ஆதாயம் பெறும்படி ஆட்டம் நடந்தால் அது பொதுச் சூதாட்ட விடுதி. மேசைக்கு வாடகையாகப் பெற்றாலும், ஒவ்வோர் ஆட்டத்திலும் கமிஷனாக எடுத்தாலும் ஆதாயம் ஆதாயமே. ஆக இச்சட்டம் முதலில் கேட்டது, யார் தோற்றார் என்பதையன்று, யார் தோற்காமலே சம்பாதித்தார் என்பதைத்தான். ஆனால் அதே சட்டத்தின் 11ஆம் பிரிவு, வெறும் திறமை சார்ந்த ஆட்டங்களுக்கு முந்தைய தண்டனைப் பிரிவுகள் பொருந்தா என்று ஒரு விலக்கும் அளித்தது. பின்னாளின் வழக்குகள் பெரும்பாலும் இந்த ஒற்றைவரி வாசலில்தான் நடந்தன.

1930இன் சட்டம் எதுவரை சென்றது என்பதைப் பார்க்க அன்றைய வடஆர்க்காடு மாவட்டத்தின் ஜவ்வாது மலை தக்க இடம். இன்று திருவண்ணாமலை, வேலூர், திருப்பத்தூர் மாவட்டங்களுக்கிடையே பிரிந்து கிடக்கும் இம்மலையில், சாமையும் தேனும் சந்தனமும் விளையும் காடுகளில், மலையாளிப் பழங்குடியினர் வாழ்ந்து வருகின்றனர். அவர்கள் வாழ்வில் அரசின் சட்டம் என்றால் அது முதலில் 1882ஆம் ஆண்டின் சென்னை வனச் சட்டம். எந்த மரம் வெட்டலாம், எங்கே ஆடு மேய்க்கலாம் என்று ஒவ்வொரு நாளும் குறுக்கே வந்து நின்றது அதுவே. சூதாட்டச் சட்டம் அரை நூற்றாண்டு கழித்து ஏட்டளவில் மலையேறியபோது அதற்கு அங்கே பிடிப்பதற்கு ஒன்றும் அகப்பட்டிருக்க வாய்ப்பில்லை. ஏனெனில் விடுதி என்ற ஒன்று இருக்க, ரொக்கம் புழங்கும் சந்தையும், கூலி வாங்கியவுடன் செலவழிக்கும் கூட்டமும், வாசலில் காவல் வைத்துக் கமிஷன் எடுக்கும் முதலாளியும் வேண்டும். இவை ஆம்பூர், வாணியம்பாடி, திருப்பத்தூர் போன்ற அடிவாரத் தோல்தொழில் ஊர்களுக்கும் ரயில்வே சந்திப்புகளுக்கும் உரியவை. சட்டம் சூதை ஓரிடத்தின் குற்றமாகக் கண்டது என்பதால், இடமில்லாத ஊரில் அதற்கு வேலையுமில்லை. இந்நிலை, ஆட்டம் கைப்பேசிக்குள் புகுந்தபோது தலைகீழானது.

இரண்டாவது அளவுகோலின் எழுச்சி விடுதலைக்குப் பிந்தியது. வாரப் பத்திரிகைகளில் குறுக்கெழுத்து போன்ற பரிசுப் போட்டிகள் பெருகிய காலத்தில், 1957இல் உச்ச நீதிமன்றம் சமர்பாக்வாலா வழக்குகளில், சூதாட்டம் அரசமைப்பின் வணிக உரிமைப் பாதுகாப்புக்குள் வராது என்றும், திறமை மேலோங்கிய போட்டி சூதாட்டம் ஆகாது என்றும் கோடு கிழித்தது. பந்தயமும் சூதாட்டமும் மாநிலப் பட்டியலில் 34ஆவது இனம். எனவே ஓர் ஆட்டம் திறமை சார்ந்தது என்று முடிவானால் அதைச் சூதாட்டமென்ற பெயரில் தடுக்கும் அதிகாரமே மாநிலத்துக்குக் கேள்விக்குறியாகிவிடும். பத்தாண்டு கழித்து, 1967இன் இறுதியில், ஆந்திரப் பிரதேச அரசுக்கும் செகந்தராபாத் கிளப் ஒன்றைச் சேர்ந்தோருக்கும் இடையிலான சத்தியநாராயணா வழக்கில், ரம்மியில் எந்தச் சீட்டு விழுந்தது என்பதை நினைவில் வைத்து, எதைப் பிடிப்பது, எதை விடுவது என்று தீர்மானிக்க வேண்டியிருப்பதால் அது மூன்று சீட்டைப் போல முழு அதிர்ஷ்ட ஆட்டமன்று என்று நீதிமன்றம் சொன்னது. அத்தோடு நிற்காமல், கிளப் அந்த ஆட்டத்திலிருந்து ஆதாயம் எடுத்தால் குற்றம் எழலாம் என்றும் சேர்த்துச் சொன்னது. பின்வந்தோர் முதல் பாதியையே மேற்கோளாக்கினர் என்பது இவ்வரலாற்றின் பெரிய விடுபடல்.

தமிழக அரசின் நிலையும் ஒரே சீராக இருந்ததில்லை. 1968இல் அரசே பரிசுச்சீட்டு நடத்தத் தொடங்கியது. 1974இல் குதிரைப் பந்தயத்தை ஒழிக்கச் சட்டம் இயற்றியது. அச்சட்டத்தை எதிர்த்த வழக்கில், குதிரையின் பிறப்பையும் பழைய ஓட்டங்களையும் ஆராய்ந்து பணம் கட்டுவது திறமையே என்று 1996இல் உச்ச நீதிமன்றம் கூறி, கிண்டிக் குதிரைப் பந்தயத்துக்கு வாழ்வளித்தது. 2003இல் எல்லாப் பரிசுச்சீட்டுகளும் மாநிலத்தில் தடைசெய்யப்பட்டன. அதன்பின் சென்னையின் மகாலட்சுமி பண்பாட்டுச் சங்க வழக்கில் பணம் வைத்து ரம்மி ஆடலாமா என்பதற்கு உயர் நீதிமன்றத்தின் தனி நீதிபதியும் 2012இல் அமர்வும் வெவ்வேறு விடை சொல்ல, மேல்முறையீட்டின்போது 2015இல் வழக்கே முடிவு காணாமல் திரும்பப் பெறப்பட்டது.

போக்கர் இந்தச் சண்டைக்குள் பின்னால்தான் வந்தது. ஹோல்டம் என்ற வகை இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் டெக்சஸ் மாநிலத்தின் ராப்ஸ்டவுன் என்ற சிற்றூரில் பிறந்ததாக அம்மாநிலச் சட்டமன்றமே 2007இல் தீர்மானம் நிறைவேற்றியுள்ளது. 1960களில் அது லாஸ் வேகாஸுக்குப் போனது. ஒவ்வொருவருக்கும் இரண்டு சீட்டு கவிழ்த்துக் கொடுக்கப்படும். பிறகு நடுவில் மூன்று, ஒன்று, ஒன்று என ஐந்து பொதுச்சீட்டுகள் மூன்று தவணையில் திறக்கப்படும். ஏழிலிருந்து சிறந்த ஐந்தைச் சேர்ப்பவருக்கு நடுவில் சேர்ந்த பணம். நான்கு முறை பந்தயம் கட்டப்படும். எவ்வளவு வேண்டுமானாலும் கட்டலாம் என்பது நோ லிமிட். முன்னமே குறித்த தொகைதான் கட்டலாம் என்பது லிமிட். லிமிட்டில் முதலிரண்டு சுற்றுகளில் ஒரு சிறு பந்தயமும், பின்னிரண்டில் அதன் இரட்டிப்பும் அலகு. ஏற்றுவதற்கும் வழக்கமாக ஒரு சுற்றில் மூன்று முறை வரைதான் அனுமதி. 2003வாக்கில் தொலைக்காட்சிப் போட்டிகள் நோ லிமிட்டைப் பிரபலப்படுத்தும் வரை அமெரிக்கச் சீட்டறைகளில் அன்றாட ஆட்டம் லிமிட்டாகவே இருந்தது.

இப்போது அந்தக் கை. சிறு பந்தயம் 10 ரூபாய், பெரிய பந்தயம் 20 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். ஆட்டத் தொடக்கத்தில் கட்டாயமாகக் கட்டவேண்டிய 10 ரூபாயைக் கட்டியவரிடம் ஒரு ராஜாவும் ஒரு நாலும், வெவ்வேறு இனத்தில், இருக்கின்றன. எதிராளி 20க்கு ஏற்ற, இவர் மேலும் 10 வைத்து உள்ளே வருகிறார். விலகிப்போன இன்னொருவர் தொடக்கத்தில் கட்டாயமாகக் கட்டிய 5 ரூபாயோடு நடுவில் 45 ரூபாய். பொதுச்சீட்டுகள் ராஜா, ஒன்பது, மூன்று என வெவ்வேறு இனங்களில் விழுகின்றன. நடுவில் உள்ளவற்றில் பெரிய சீட்டான ராஜாவோடு இவருடைய ராஜா சேர்ந்து ஜோடி ஆகிவிட்டது. இதையே ஆட்டக்காரர்கள் டாப் பேர் என்பர். ஆனால் ஜோடி இருவருக்கும் சமமாக அமைந்தால், உடனிருக்கும் மற்றச் சீட்டில் பெரியது வெல்லும். அந்தத் துணைச்சீட்டுக்குக் கிக்கர் என்று பெயர். இவருடைய கிக்கர் வெறும் நாலு. கை பார்க்க அழகாக இருக்கிறது. தோற்றால் எதனால் தோற்றோம் என்பது கடைசிச் சீட்டு திறந்த பிறகே தெரியும்.

எதிராளியிடம் ராஜாவும் ராணியும் இருந்தால், இவர் தப்பிக்க இன்னும் இரண்டு சீட்டுகளில் ஒரு நாலு விழ வேண்டும். அதோடு ராணியோ ஒன்பதோ வந்து கெடுக்காமலும் இருக்க வேண்டும். மீதமுள்ள 45 சீட்டுகளில் இரண்டிரண்டாக எடுக்கும் 990 சேர்க்கைகளில் 111 மட்டுமே இவருக்கு வெற்றி தரும். நூற்றுக்குச் சுமார் 11. மாறாக எதிராளியிடம் ஒன்பது ஜோடியோ வெற்று ஏஸோ இருந்தால் முன்னிலை இவருடையது. எது என்று தெரியாத நிலையில் எதிராளி ஒவ்வொரு சுற்றிலும் கட்டக் கட்ட, இவர் 10, 20 என்று ஈடுகொடுத்து வந்தால், கடைசிச் சுற்றில் எதிராளி 20 வைக்கும்போது நடுவில் 125 ரூபாய் கிடக்கும். இவர் 20 வைத்தால் 125 கிடைக்கக்கூடும். எனவே ஏழில் ஒருமுறை தன் கை மேலானதாக இருந்தாலே வைப்பது நட்டமில்லை. நோ லிமிட்டில் இதே இடத்தில் எதிராளி தன் முன்னிருக்கும் மொத்தப் பணத்தையும் தள்ளிவிட முடியும். அங்கே பலவீனமான கிக்கர் ஒருவரை ஒரே கையில் வெறுங்கையாக்கிவிடும். லிமிட்டில் அதன் விலை, பொதுச்சீட்டு திறந்தபின் மொத்தம் 50 ரூபாய். ஆகவே லிமிட்டில் தேர்ந்தவர் செய்யும் காரியம் வீரமாகச் சீட்டைக் கவிழ்ப்பதன்று: ராஜா–நாலைத் தொடக்கத்திலேயே பெரும்பாலும் எடுக்காமல் விடுவது, எடுத்துவிட்டால் ஏற்றாமல் ஈடுகொடுத்து முடிவுவரை போவது, எதிராளி எப்போதும் கட்டுகிறவரா, கையில் இருந்தால்தான் கட்டுகிறவரா என்பதை நினைவில் வைத்து அந்த ஏழில் ஒன்றைச் சற்றுத் திருத்திக்கொள்வது. திறமை இருக்கிறது, ஆனால் அது சில்லறையில் இருக்கிறது.

அந்தச் சில்லறை எவ்வளவு சிறியது என்பதற்கு இரண்டு அளவுகள் உண்டு. அமெரிக்கச் சீட்டறைகளில், மணிக்கு ஒரு பெரிய பந்தயம் மீதமாவது நல்ல வரவு என்றும், அதே ஒரு மணியின் ஏற்ற இறக்கம் ஏறத்தாழ பத்துப் பெரிய பந்தயம் என்றும் கொள்வது வழக்கம். அக்கணக்குப்படி நூறு மணி நேரம் ஆடிய தேர்ந்தவருக்கும் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு நட்டத்தில் நிற்கும் வாய்ப்பு உண்டு. மற்றது கணினியிலிருந்து வந்தது. இருவர் ஆடும் லிமிட் ஹோல்டமைக் கனடாவின் ஆல்பர்ட்டா பல்கலைக்கழகத்தில் மைக்கேல் பௌலிங் தலைமையிலான குழு 2015 ஜனவரியில் சயன்ஸ் இதழில் ஏறத்தாழத் தீர்த்துவிட்டதாக அறிவித்தது. 4,800 கணினிச் செயலிகளில் 68 நாட்கள் தன்னோடு தானே ஆடி உருவான செபியஸ் என்ற நிரலின் பிழை எவ்வளவு சிறியதென்றால், மணிக்கு 200 கை, நாளுக்கு 12 மணி, ஒரு நாளும் விடாமல் 70 ஆண்டு ஆடினாலும் அந்தப் பிழையை ஒருவரால் உறுதியாகக் கண்டுபிடிக்க இயலாது. ஆட்டத்துக்குச் சரியான ஆடுமுறை ஒன்று உண்டென்பது இதனால் நிலைபெற்றது. அந்த ஆடுமுறையின் நுட்பம் வெளிப்பட ஒரு மனித ஆயுளே தேவைப்படலாம் என்பதும் கூடவே நிலைபெற்றது. நீதிமன்றங்களில் ஒரு தரப்பு முதல் செய்தியைப் போன்றதையும், மறுதரப்பு இரண்டாவதைப் போன்றதையும் எடுத்துக்கொண்டு வாதாடின. இரண்டும் ஒரே உண்மையின் முகங்கள் என்பதால் எத்தரப்பும் மற்றதை வெல்லவில்லை.

இந்தியாவில் விடைகள் அதற்கேற்பச் சிதறின. 1957ஆம் ஆண்டின் மேற்கு வங்கச் சட்டம் பிரிட்ஜ், ரம்மியோடு போக்கரையும் சூதாட்ட வரையறைக்கு வெளியே வைத்தது. நாகாலாந்து திறமை ஆட்டப் பட்டியலில் அதைச் சேர்த்து உரிமம் வழங்கியது. குஜராத் உயர் நீதிமன்றம் 2017இல் அது சூதாட்டமே என்றது. 2018இல் சட்ட ஆணையம் தன் 276ஆவது அறிக்கையில் போக்கரைத் திறமை ஆட்டமாக ஏற்றது. தமிழகத்தில் பெருந்தொற்றுக் காலத்தில் கைப்பேசி ரம்மியும் போக்கரும் பரவி, கடனும் தற்கொலைகளும் செய்தியானபின், 2020 நவம்பரில் அவசரச் சட்டமும் 2021இல் திருத்தச் சட்டமும் பணம் வைத்து ஆடும் இணைய ஆட்டங்களை முற்றாகத் தடுத்தன. 2021 ஆகஸ்ட் 3 அன்று தலைமை நீதிபதி சஞ்சீப் பானர்ஜி அமர்வு அதை ரத்து செய்தது. போக்கர் குறித்து, ஓர் அமெரிக்க வழக்கின் விவாதத்தையும் 276ஆவது அறிக்கையையும் துணைக்கொண்டு, அதிலும் திறமை உண்டென்று ஏற்றது. நீதிபதி கே. சந்துரு குழுவின் அறிக்கைக்குப்பின் 2022இல் புதிய சட்ட முன்வடிவு வந்தது. ஆளுநர் திருப்பியனுப்ப, 2023 மார்ச்சில் மீண்டும் நிறைவேறி ஏப்ரலில் ஒப்புதல் பெற்றது. அதன் அட்டவணை ரம்மியையும் போக்கரையும் பெயர் சொல்லி அதிர்ஷ்ட ஆட்டமாக்கியிருந்தது. 2023 நவம்பர் 9 அன்று உயர் நீதிமன்றம் சட்டத்தைக் காத்து அந்த அட்டவணையை மட்டும் நீக்கியது. பின்னர் அச்சட்டப்படி அமைந்த மாநில ஆணையம் நள்ளிரவு முதல் காலை 5 மணிவரை ஆட்டத்தைத் தடுத்தும், ஆதார் சரிபார்ப்பை விதித்தும் விதிகள் செய்ய, 2025 ஜூனில் அவை செல்லுமென்று தீர்ப்பானது.

இவ்விதிகள் ஒரு நுட்பமான நகர்வைக் காட்டுகின்றன. ஆட்டத்தின் இயல்பு என்ன என்று கேட்பதைச் சட்டம் மெல்லக் கைவிட்டு, எத்தனை மணிக்கு, எவர், எவ்வளவு என்று கேட்கத் தொடங்கியது. அதாவது நடத்துகிறவரை நோக்கித் திரும்பியது. 1930இன் விடுதிக்காரர் மேசையோரம் நின்று கமிஷன் எடுத்தார்; கைப்பேசிச் செயலி ஒவ்வோர் ஆட்டத்திலும் தானாகவே எடுத்துக்கொள்கிறது. ராஜா–நாலைச் சரியாக ஆடிச் சில்லறை சேர்ப்பவருக்கும், தவறாக ஆடி இழப்பவருக்கும் இடையிலான வேறுபாட்டின் பெரும்பங்கை அந்தக் கமிஷனே தின்றுவிடும். தொகை குறித்த லிமிட்டில், பந்தயம் சிறியது என்பதால் கமிஷனின் விகிதம் இன்னும் பெரிது. திறமையா அதிர்ஷ்டமா என்று அரை நூற்றாண்டு வழக்காடியதைவிட, இந்த இடத்தை அளந்திருந்தால் தெளிவு முன்னமே கிடைத்திருக்கும்.

2025 ஆகஸ்ட் 22 அன்று ஒப்புதல் பெற்ற மத்திய அரசின் இணைய விளையாட்டுச் சட்டம் இரண்டாவது அளவுகோலையே தூக்கி எறிந்தது. திறமையாயினும், அதிர்ஷ்டமாயினும், இரண்டும் கலந்ததாயினும், வெல்லும் எதிர்பார்ப்பில் பணம் செலுத்தி ஆடும் இணைய ஆட்டத்தை நடத்துவதையே அது தடுக்கிறது. அடுத்த சில நாட்களிலேயே பெரிய நிறுவனங்கள் பண ஆட்டங்களை நிறுத்திக்கொண்டன; சட்டத்தை எதிர்த்து வெவ்வேறு உயர் நீதிமன்றங்களில் தொடுக்கப்பட்ட வழக்குகளை உச்ச நீதிமன்றம் தன்னிடம் மாற்றிக்கொண்டது. இதனால் ஜவ்வாது மலையின் ஜமுனாமரத்தூரில் கைப்பேசியில் ஆடப்படும் ராஜா–நாலுக்கும், மலையடிவார ஊரின் கிளப் மேசையில் ஆடப்படும் அதே ராஜா–நாலுக்கும் இப்போது வெவ்வேறு சட்டம். முன்னதை நடத்துகிறவரிடம் 2025இன் சட்டம் ஆட்டத்தின் தன்மை பற்றி எதுவுமே கேட்காது. பின்னதில் 1930இன் 11ஆம் பிரிவு இன்னும் உயிரோடிருக்கிறது, ரம்மிக்கு அது திறந்திருக்கிறது, போக்கருக்குத் திறக்குமா என்பது கிளப் ஆட்டம் பற்றிய அடுத்த வழக்குக்காகக் காத்திருக்கிறது.